பல் டாக்டர் வீட்டுச் சாயம்

ஊரில் அவளைக் கக்கூஸ் மேடம் என்று அழைத்தார்கள். நேரில் இல்லை, நேரில் வெறும் மேடம்தான். முதல் பாதி முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளும். அது அவளுக்குத் தெரியும் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். வேலையின் பெயர் நீர்த்தரக் கண்காணிப்பு. நடைமுறையில் அது வீடு வீடாகப் போய், உங்கள் கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது காலி செய்தீர்கள் என்று கேட்பது. வயதைக் கேட்டால்கூட ஓரளவு உண்மை சொல்பவர்கள் இந்தக் கேள்விக்குக் கூசாமல் பொய் சொன்னார்கள். "போன வருசம்தான் மேடம்" என்பார்கள். எந்தப் போன வருடம் என்று அவள் கேட்பதில்லை. எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

ஊர் ஒரு கிண்ணத்தின் உள்விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தின் அடியில் ஏரி. சுற்றியிருந்த சரிவுகளில் எது விழுந்தாலும், வயலுக்குப் போட்ட உரம், மாட்டுச் சாணம், கார் கழுவிய சோப்புத் தண்ணீர், எல்லாம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் உருண்டு கீழே ஏரிக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது. அந்தக் கோடையில் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்ததுபோல ஏரி பச்சையாகிவிட்டது. அழகான பச்சை இல்லை. யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு ஓடிப்போனதுபோன்ற பச்சை. காற்றடித்தால் பாசி கரையோரமாக ஒதுங்கி, வெயிலில் காய்ந்து நாறியது.

அலுவலகம் பொதுக் குளிக்கும் கரையில் ஒரு பலகை வைத்தது. குளிக்காதீர்கள், குடிக்காதீர்கள், நாய்களை இறங்கவிடாதீர்கள். நாய்கள் படிக்கவில்லை. மனிதர்களிலும் பாதிப் பேர் படிக்கவில்லை. கரையோர விடுதிக்காரர்கள் படித்தார்கள், படித்துவிட்டுக் கத்தினார்கள். கத்தல் மேலே போனதும் நகரமன்றக் கூடத்தில் கூட்டம் கூட்டப்பட்டது.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் பல் டாக்டர். ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகியும் ஊருக்கு அவர்தான் பல் டாக்டர். வெள்ளைவெளேரென்ற அடர்த்தியான முடி. ஏரி நண்பர்கள் சங்கத்தின் தலைவர். தினமும் காலையில் தன் வீட்டுப் பின்படியில் இறங்கி ஏரியில் நீந்துகிறவர். ஆய்வாளரின் அப்பாவும் அவரே. இது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

"மேல மாடு நிக்குது. கீழ ஏரி இருக்கு. நடுவுல ஓடை ஓடுது" என்றார் பல் டாக்டர். "இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்? சொத்தை எங்க இருக்குன்னு கண்ணுக்கே தெரியும்போது எக்ஸ்ரே எதுக்கு?"

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையிலிருந்து பண்ணைக்காரர் எழுந்தார். சரிவின் மேலே மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். பெரிய உருவம், சின்னக் குரல்.

"என் மாடு ஓடைப்பக்கம் போயி வருசக்கணக்காச்சு. வேலி போட்டிருக்கேன். கரை நெடுக மரம் வெச்சிருக்கேன். தலைவரு ஒரு தடவையாச்சும் மேல வந்து பாத்திருக்காரா?"

"வந்து பாக்கணுமா என்ன? எனக்கு மூக்கு இருக்கு."

"மூக்கு எனக்கும் இருக்கு டாக்டர். தெனம் சாயங்காலம் உங்க தெரு வழியாத்தான் டிராக்டர்ல போறேன்."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அவர்களில் யாரும் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் இல்லை.

ஆய்வாளர் எழுந்து, தான் ஓடையில் எடுத்த தண்ணீர் மாதிரிகளின் முடிவைச் சொன்னாள். பண்ணைக்குக் கீழே தண்ணீர் சுத்தம் என்று சொல்ல முடியாது, ஆனால் மோசமில்லை. ஏரிக்கரைத் தெருவைத் தாண்டிய பிறகுதான் மோசமாகிறது. அதிலுள்ள கிருமி மாட்டின் குடலில் இருக்கும் வகை அல்ல.

"பின்ன எதோட குடல்ல இருக்கும்?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"மனுசனோடதுல."

கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு முன்வரிசைக்காரரே கேட்டார்: "எந்த மனுசன்?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும்" என்றாள்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. வீட்டுக் கழிப்பறையில் ஒரு சாயத்தை ஊற்றித் தண்ணீர் விட வேண்டும். தொட்டி ஒழுங்காக இருந்தால் சாயம் மண்ணுக்குள்ளேயே வடிந்து அடங்கிவிடும். தொட்டி ஓட்டை என்றால் சில நாளில் ஏரிக்கரையில் எங்காவது தலைகாட்டும். வழக்கமாக இதற்குப் பச்சைச் சாயம்தான். ஏரியே பச்சையாக இருந்ததால் இந்தமுறை சிவப்பு வரவழைத்தார்கள். தண்ணீரில் கரைத்தால் பளீரென்ற ரோஜா நிறம்.

ஏரிக்கரைத் தெருவில் அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். முதல் வீட்டில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"எங்க வீட்டுல நாங்க ரெண்டே பேருதாம்மா. நாங்க அவ்வளவா போறதுகூட இல்ல" என்றார்.

"பரவாயில்ல சார். போற அளவுக்குப் போதும்."

இன்னொரு வீட்டில் ஒரு அம்மா கதவைப் பாதி திறந்தபடி, "இதை ஊத்தினா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள்.

"குடிக்காம பாத்துக்குங்க."

"கக்கூஸ்ல ஊத்தினத எதுக்குக் குடிக்கப் போறான்?"

"அதே தண்ணிலதான் அவன் நீந்துறான்" என்றாள் ஆய்வாளர். அந்த அம்மா கதவை முழுதாகத் திறந்தாள்.

ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சில நாள் விட்டுக் கரையைப் பார்த்தாள். எங்கும் ரோஜா நிறம் இல்லை. மிச்சம் ஒரு வீடு. அது தெருக்கோடியில் இருந்த அவள் பிறந்து வளர்ந்த வீடு.

முதலில் போனபோது அப்பா, "இன்னிக்கு பிளம்பர் வர்றாரும்மா" என்றார். பிளம்பர் வரவில்லை. அடுத்தமுறை, "விருந்தாளி வர்றாங்க" என்றார். அம்மா போனபிறகு அந்த வீட்டுக்கு வந்த ஒரே விருந்தாளி அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். சாப்பிடும்போது அப்பா மாடுகளைப் பற்றிப் பேசுவார். ஒரு மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு சாணம் போடும் என்று சாப்பாட்டு மேஜையில் கணக்குச் சொல்வார். அவள் தொட்டியைப் பற்றி எடுத்தால், "சாப்பிடும்போது என்ன பேச்சு இது?" என்பார்.

கடைசியில், தள்ளிப்போடும் மற்றவர்களுக்கு அனுப்புவதுபோல, அவருக்கும் அலுவலகத் தாளை அனுப்பினாள். அன்று மாலையே போன் வந்தது.

"நான் உனக்கு வீட்டு உரிமையாளரா?"

"எல்லாருக்கும் ஒரே தாள்தான்ப்பா."

"அன்புள்ளன்னு வேற போட்டிருக்கு."

"அதுவும் எல்லாருக்கும்தான்."

"வந்து ஊத்திட்டுப் போ. அப்பத்தான் உனக்கு நிம்மதி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் போய் ஊற்றினாள். அப்பா குளியலறைக் கதவுக்கு வெளியே, பல் பிடுங்கியவருக்குத் துணையாக வந்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் சொல்ற வரைக்கும் ஏரில இறங்காதீங்கப்பா. பாசி ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

"பலகை வெச்சிருக்கிறது பொதுக்கரைல. இது என் வீட்டுப் படி."

"தண்ணி ஒண்ணுதான்."

"என் வீட்டுத் தொட்டில ஒரு குறையும் கிடையாது. சாயம் வரப்போறதில்ல. வராத சாயத்துக்காக நான் எதுக்கு நீச்சல விடணும்?"

வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை வேறிடத்தில் இருந்தது. அவள் காலி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் காலையில் அவள் வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னலில் நின்று அப்பா கையசைப்பார். அந்தக் கையசைப்பில் வெற்றி இருந்தது. பிறகு ஒருநாள் நல்ல மழை பெய்தது. மண் ஊறிப் பெருத்தது.

மறுநாள் காலை பல் டாக்டர் வழக்கம்போலக் கண்ணாடியைப் படியில் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஏரியும் வானமும் ஒன்றுதான். மூழ்கி எழுந்தார். மல்லாந்து மிதந்தார். கரையோரமாகவே போய்த் திரும்பினார். மேலே ஏறித் தலையைத் துவட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பிறகுதான் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். வெள்ளைத் துண்டு. இப்போது வெள்ளையாக இல்லை. படிக்குப் பக்கத்து மண்ணிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு கசிவு இழையாக இறங்கி ஏரிக்குள் விரிந்துகொண்டிருந்தது.

அலுவலகம் திறக்கும் நேரத்தில் அவர் அங்கே வந்து சேர்ந்தார். கார் இருந்தது. ஆனால் சீட்டில் சாயம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடந்தே வந்திருந்தார். கடைத்தெரு வழியாகத்தான் வர முடியும். காலை நேரம் கடைத்தெருவில் எல்லோரும் இருப்பார்கள். இருந்தார்கள்.

வாசலில் இருந்த குமாஸ்தா அவரிடம் பல முறை பல் பார்த்துக்கொண்டவர். அவருடைய தலையைப் பார்த்தார். மேல்பக்கம் முழுக்க இளஞ்சிவப்பு. காதோரம் இன்னும் கொஞ்சம் அழுத்தம்.

"டோக்கன் எடுத்துக்கிட்டு உக்காருங்க டாக்டர்" என்றார்.

பல் டாக்டர் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கிணறு தோண்ட அனுமதி கேட்டு வந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தன் எண் வந்ததும் எழுந்து உள்ளே போய் மகளின் மேஜைக்கு எதிரே நின்றார். துண்டை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"ஒரு புகார் குடுக்கணும் மேடம்" என்றார். அப்படி அவர் அவளை அழைத்தது அதுவே முதல் தடவை.

"யார் மேல?"

"என் மேலதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் வாயைத் திற வாயைத் திற என்று சொன்ன மனிதர் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"கண்ணு எரியுதாப்பா?"

"இல்ல."

"வாயில போச்சா?"

"கொஞ்சம்."

அவள் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடிநீர்தான், பாட்டிலில் வந்தது. அவர் அதில் வாய் கொப்பளித்துவிட்டுத் துப்ப இடம் தேடினார். அவள் பூத்தொட்டியைக் காட்டினாள்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அதிகாரி வெளியே வந்தார். எதையும் பெரிதாக்காமல் முடிப்பதில் பெயர் வாங்கியவர். மேஜைமேல் இருந்த துண்டைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"சங்கத் தலைவர் வீடு வேற. இதை வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாமே?" என்று மெதுவாகச் சொன்னார். "வெளிய தெரியணும்னு இல்லையே."

"நான் கடைத்தெரு வழியா நடந்துதான் சார் வந்தேன்" என்றார் பல் டாக்டர்.

அதிகாரி அப்போதுதான் தலையைப் பார்த்தார். யோசனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் அப்பாவை முதலில் மருத்துவரிடம் காட்டினாள். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள், தலைக்கு ஒன்றும் இல்லை, தானாகப் போகும் என்றார்கள். அடுத்து தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்க மூடி எங்கே என்று தெரிய வேண்டும்.

"ஞாபகம் இல்ல" என்றார் அப்பா.

வீட்டுப் பின்பக்கம் அவள் ஓர் இரும்புக் கம்பியோடு இறங்கினாள். குளியலறைச் சுவரிலிருந்து குழாய் போகும் திசையில் மண்ணில் குத்திக் குத்திப் போனாள். கம்பி குழாயின்மேல் பட்டுக்கொண்டே வந்தது. கடைசியாக டங்கென்று கான்கிரீட்டில் முட்டி நின்றது.

அது சரிவுப்பாதை. பின்வாசலிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் இறங்கும் கான்கிரீட் பாதை. அம்மா சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட வருடம், அப்பாவே சிமெண்டு குழைத்துப் போட்டது. கொத்தனார் வேலை தெரியாத ஒருவர் செய்தது என்று பார்த்தவுடன் தெரியும். கைப்பிடிக் கம்பி கோணலாக நின்றது. ஓரங்கள் அலை அலையாக இருந்தன. ஆனால் சக்கரம் ஓடும் நடுப்பகுதி மட்டும் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. அதன்மேல் அவள் எத்தனையோ மாலைகளில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஊரெல்லாம் போய் அவள் கேட்கிற கேள்வி அது.

அப்பா பின்வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"மூடி இதுக்குக் கீழதான் இருக்கா?"

"சரியா நடுவுல இருக்கு" என்றார். "மூடிய விட்டுட்டுப் பூசலாம்னு கொத்தனார் சொன்னார். மூடி விளிம்புல சக்கரம் ஏறினா குலுங்கும். குலுங்கினா அவளுக்கு வலிக்கும். அதான் மேலயே போட்டுட்டேன். அப்புறம் பாத்துக்கலாம்னு."

"அப்புறம்?"

"அப்புறம் அவ போயிட்டா. இதை உடைக்க மனசு வரல." கைப்பிடிக் கம்பியைப் பார்த்தபடி இருந்தார். "மனசு வர்ற வரைக்கும் மாட்டப் பத்திப் பேசிட்டிருந்தேன்."

அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரியிலிருந்து பாசி நாற்றம் வந்தது. அதில் இந்த வீட்டுப் பங்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் கணக்குப் போடவில்லை.

"தெரிஞ்சேதான் இறங்கினீங்களா, தெனமும்?"

"தெரியாதுன்னு வெச்சிருந்தேன்."

கழிவுநீர் லாரி வந்தது. தெருக்கோடியில் சந்து குறுகலாக இருந்ததால் உள்ளே நுழைய முடியவில்லை. பின்னால் எடுக்கும்போது பேங்க் மேனேஜர் வீட்டுக் கேட்டின் ஒரு தூணைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. சின்ன டேங்கரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்தால்தான் உண்டு என்றார் லாரிக்காரர். ஊரில் அப்படி டேங்கர் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். சாணக்கரைசலை வயலுக்குக் கொண்டுபோவதற்காக வைத்திருந்தார்.

"நான் கேக்குறேன்" என்றாள் மகள்.

"வேணாம். கூட்டத்துல பேசினது நான்" என்றார் அப்பா. "நீ வண்டிய மட்டும் ஓட்டு. எனக்கு வழி தெரியாது."

அவர் மேலே போனதே இல்லை என்பது அப்படித்தான் உறுதியானது.

பண்ணையில் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இளஞ்சிவப்புத் தலையோடு யாரும் அங்கே வந்திருக்கவில்லை. தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்த பண்ணைக்காரர் குழாயை மூடிவிட்டு வந்தார். செய்தி அவருக்கு எப்போதோ எட்டியிருக்க வேண்டும். ஆனாலும் கேட்டார்.

"தலைக்கு என்ன டாக்டர்?"

"சாயம்."

"நல்லாத்தான் இருக்கு."

பல் டாக்டர் விஷயத்துக்கு வந்தார். "உங்க டேங்கர் வேணும். என் வீட்டுத் தொட்டிய எறைக்கணும்."

"மாட்டோடதா, மனுசனோடதா?"

"மனுசனோடது."

பண்ணைக்காரர் தலையாட்டினார். பதில் சொல்வதற்கு அவருக்கு அவசரம் இல்லை. பல வருடமாகக் காத்திருந்தவர், இன்னும் கொஞ்சம் நின்று அனுபவித்தார்.

"இதைக் கூட்டத்துல சொல்றேன்" என்றார் பல் டாக்டர்.

"அது உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணுதான். என்கூட வேலியோரமா ஒரு நடை வாங்க."

மூன்று பேரும் ஓடைக்கரையோரம் நடந்தார்கள். வேலி இருந்தது. கரை நெடுக மரங்கள் வரிசையாக வளர்ந்து நின்றன. மாடுகள் இந்தப்பக்கம் தொட்டியில் தண்ணீர் குடித்தன. பல் டாக்டர் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். அங்கே மரங்கள் விழுந்து இடைவெளி இருந்தது. அதன் வழியாகச் சாணக்குவியலிலிருந்து ஒரு பழுப்பு வழித்தடம் ஓடையை நோக்கிப் போயிருந்தது.

"இங்க ஒரு ஓட்டை இருக்கே" என்றார்.

பண்ணைக்காரர் காதைச் சொறிந்தார். "போன காத்துக்கு விழுந்தது. நட்டுடணும்."

"எப்ப?"

"அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

ஆய்வாளர் அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டாள். குவியலை நகர்த்தச் சொல்லி அந்த வாரமே அவருக்கும் ஒரு அன்புள்ள தாள் போனது.

உடைக்கும் நாளன்று பண்ணைக்காரர் டிராக்டரையும் டேங்கரையும் கான்கிரீட் துளைக்கும் மெஷினையும் கொண்டுவந்தார். எடுக்கும் கழிவு வயலுக்குப் போகக்கூடாது, சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஆய்வாளர் ஒருமுறைக்கு மூன்றுமுறை சொன்னாள். "என் வயலுக்கு இது ஒத்துக்காதும்மா" என்றார் அவர்.

பல் டாக்டர் பழைய கிளினிக் முகமூடியையும் கண் கவசத்தையும் போட்டுக்கொண்டு வந்தார். சரிவுப்பாதையின் நடுவில் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்தார். மூடி இருக்கும் இடம் அவருக்கு அங்குலம் தவறாமல் தெரிந்தது. ஞாபகம் இல்லை என்று சொன்னவர் அவர்தான்.

மெஷின் இறங்கியது. சத்தம் தெருவெல்லாம் கேட்டது. பல் டாக்டர் குனிந்து நின்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"மெதுவா. மெதுவா. நரம்பு இருக்கு."

பண்ணைக்காரர் மெஷினை நிறுத்தினார். "எங்க?"

பல் டாக்டர் கவசத்தைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பண்ணைக்காரர் அதன்பிறகு சதுரத்தின் கோட்டைத் தாண்டாமல், விளிம்பு உதிராமல், அவசரமில்லாமல் வெட்டினார்.

மூடியைத் தூக்கியதும் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் நகர்ந்தார்கள்.

"இதுக்கு என் மாடு எவ்வளவோ தேவலை" என்றார் பண்ணைக்காரர். அந்த நேரத்தில் அதை மறுக்க யாரும் இல்லை.

இறைத்து முடித்துப் பார்த்தபோது ஏரியைப் பார்த்த சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். உள்ளே வேர் புகுந்திருந்தது. பூசி ஒட்டவைக்கும் நிலையில் இல்லை. ஆய்வாளர் டார்ச்சை அணைத்தாள்.

"இந்தத் தொட்டி இனி ஆகாதுப்பா. மணல் போட்டு மூடிடணும். புதுசு வீட்டு முன்பக்கம் வைக்கலாம். கார் நிக்கிற எடத்துல. ஏரிக்கும் தூரம்."

"அப்ப இந்தச் சரிவு?"

"அது நிக்கட்டும். வெட்டின எடத்த மட்டும் அடைச்சாப் போதும்."

அவர் மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போய் ரொம்ப நேரம் வரவில்லை. கார் அன்றிலிருந்து தெருவில் நின்றது.

மணல் நிரப்பிய பிறகு சதுரத்தை அடைக்கும் வேலையை அவர் யாரிடமும் விடவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அழுத்தினார். வாழ்நாள் முழுக்க ஓட்டைகளை அடைத்த கை. முடித்தபோது புதிய இடம் நிறத்தில் மட்டும் வெளிறித் தெரிந்தது. விரலால் தடவினால் பழையதும் புதியதும் சேரும் இடம் தெரியவில்லை. பண்ணைக்காரர் தடவிப் பார்த்தார். "கொத்தனாரா போயிருக்கலாம்" என்றார். பல் டாக்டருக்கு அது பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்தில் பல் டாக்டர் முதலில் எழுந்தார். தலையில் நிறம் முக்கால்வாசி போயிருந்தது. மிச்சம் திட்டுத் திட்டாக இருந்தது.

"கழிவு என் வீட்டுலேர்ந்துதான் போயிருக்கு" என்றார். "எத்தனை வருசமான்னு தெரியாது. பண்ணைக்காரரச் சொன்னதும் தப்பு. பாக்காம சொன்னேன்." உட்கார்ந்துவிட்டார்.

பேங்க் மேனேஜர் எழுந்தார்.

"மேடம், நீங்க எங்க வீட்டுல சாயம் ஊத்தினீங்களே…"

"ஆமா சார்."

"ஊத்தின உடனே நாங்க ரெண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போயிட்டோம். ரெண்டு வாரம். வீட்டுல தண்ணியே பொழங்கல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அக்கா கூப்பிடல. நாங்களாத்தான் போனோம்."

பிறகு இன்னொருவர் எழுந்தார். ஊற்றிய சாயத்தின் மேலே வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு வெளுக்கப் பார்த்ததாகச் சொன்னார். குழந்தை வைத்திருந்த அம்மா, தன் வீட்டில் ஊற்றியது விருந்தினர் கழிப்பறை, அது எங்கே போகிறது என்று தனக்கே தெரியாது என்றாள். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினாள். தெரு முழுக்க மறுபடி முதலிலிருந்து ஊற்ற வேண்டும். சாயம் போதாது; இன்னும் வரவழைக்க வேண்டும்.

பல் டாக்டர் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகச் சொன்னார். அந்தப் பதவியை வேறு யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரே தலைவராகத் தொடர்ந்தார். கூட்டம் முடிவதற்குள் அவருக்கும் பண்ணைக்காரருக்கும் ஏரிக்கரை வீடுகளின் புல்தரைக்குப் போடும் உரத்தைப் பற்றிச் சண்டை வந்தது.

ஏரி உடனே தெளிந்துவிடவில்லை. அந்தக் கோடை முழுக்கப் பலகை நின்றது. அடிச்சேற்றில் வருடக்கணக்காகச் சேர்ந்திருப்பது லேசில் போகாது என்று ஆய்வாளர் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். எத்தனை வருசம் ஆகும் என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். தெரியாது என்று ஒரு அதிகாரி சொல்லலாமா என்று விடுதிக்காரர்கள் மேலே புகார் கொடுத்தார்கள். அடுத்த கோடையிலும் ஏரி பச்சையானது. ஆனால் தாமதமாக ஆனது. கோடை முடிவதற்கு முன்பே தெளியத் தொடங்கியது. ஏரிக்கரைத் தெருவில் நான்கு வீட்டு முன்வாசல்கள் தோண்டிக் கிடந்தன.

அப்பா நீச்சலை விட்டிருந்தார். தினமும் காலையில் மகளுக்குப் போன் செய்வார். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது.

"இறங்கலாமா?"

"இன்னிக்கு வேணாம்ப்பா."

"சரி" என்று வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

பலகையை எடுத்த அன்று போன் வந்தபோது அவள், "இறங்குங்க" என்றாள். அவர் நம்பவில்லை போலிருக்கிறது.

"மாதிரி எடுத்துப் பாத்தியா?"

"நேத்துத்தான் முடிவு வந்துது. நல்லாருக்கு."

"அப்ப நீயும் வாயேன்."

இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் ஏரியில் இறங்கியதில்லை. தண்ணீருக்குள் என்னென்ன இருக்கும் என்று அவளுக்குத்தான் பட்டியல் போட்டதுபோலத் தெரியுமே. பாட்டிலை முக்க முழங்கால்வரை இறங்குவாள், அதுவும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கலாம் என்று பார்த்தாள். பிளம்பர் வருகிறார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

போனாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அப்பா ஏற்கெனவே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதையும் பார்க்க முடியாத கண்களோடு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று அவள் இருக்கும் திசையைத் தப்பாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா, சுத்தமா இருக்கு" என்றார்.

"பரவாயில்லாம இருக்கு" என்று திருத்தினாள் ஆய்வாளர். படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். தண்ணீர் நல்ல குளிர். அப்பா பக்கத்தில் நீந்தத் தொடங்கினாள், வாயை இறுக மூடிக்கொண்டு.